அப்பத்தாவின் சேலைப் போர்வை

எங்கள் அப்பத்தா 2018-ல் தவறியபோது, தோடு அத்தைக்கும் பித்தளை அண்டா சித்தப்பாவுக்கும் போக, எங்கள் பங்குக்கு வந்தது ஒரு தகரப் பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே மூன்று பழைய சேலைப் போர்வைகள்! "இதையா மதுரை வரைக்கும் சுமக்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. கொண்டு வந்து பரணில் போட்டதோடு சரி.

உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும். உடுத்தி உடுத்தி இற்றுப்போன நூல் சேலைகளை நாலைந்து அடுக்காக விரித்து, ஓரங்களை உள்ளே மடக்கி, வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு அப்பத்தா போர்வை தைப்பார். மார்கழிப் பனிக்கு அந்தக் கதகதப்பு எந்தக் கம்பளியிலும் வராது. ஆனால் ஏற்கெனவே இற்ற துணி. எத்தனை காலம்தான் தாங்கும்?

போன வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது மூன்றையும் இறக்கினேன். ஒரே மக்கிய வாடை. முதல் போர்வையை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டேன். அறிவு கெட்ட வேலை! முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் நூலும் நாருமாக ஓர் உருண்டை. அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்ட செலவு ஒருபுறம் இருக்கட்டும். அப்பத்தா எத்தனை மத்தியானம் உட்கார்ந்து தைத்தாரோ என்று நினைத்தபோது அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. பழைய போர்வையை முதலில் ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். எங்கே வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறதோ அங்கே துணி இற்றுவிட்டது என்று அர்த்தம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மற்ற துணிகளோடு சேர்க்கவே கூடாது. பிறகு அகலமான டப்பில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் போர்வையை வைத்து, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரை ஊற்றிக் கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும் ஆகாது. பெட்ஷீட் எதற்கு என்கிறீர்களா? நனைந்த போர்வை கனமோ கனம். மூலையைப் பிடித்துத் தூக்கினால் தன் கனத்திலேயே கிழியும். பெட்ஷீட்டின் நாலு முனையையும் பிடித்து இரண்டு பேராகத் தூக்கிவிடலாம். கொடியில் போடாமல் கயிற்றுக் கட்டிலில் நிழலாகப் பரத்தினால் நன்றாக உலரும்.

மூன்றாவது போர்வை இப்படித்தான் பிழைத்தது. இரண்டாவதில் ஓரமெல்லாம் போய், நடுவில் கை நுழையும் கிழிசல். தைத்துப் பார்த்தேன், பக்கத்தில் கிழிந்தது. சரி, பிரித்துவிடலாம் என்று அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக வெட்டினேன்.

மேல் சேலை வெளுத்துச் சாம்பலாகக் கிடந்தது. மூன்றாவது அடுக்கைத் திருப்பியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சின்னாளபட்டிச் சுங்குடி. வெளிச்சமே படாததால் நேற்று வாங்கியதுபோல் நிறம்!

1978-ல் தலைதீபாவளிக்கு அம்மாவின் அம்மா எடுத்துக் கொடுத்த சேலை அது. சில மாதத்திலேயே காணாமல் போனதாம். "உங்க அப்பத்தா எடுத்துத் தன் மகளுக்குக் கொடுத்துட்டாங்க" என்று அம்மா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். அத்தை வீட்டு விசேஷம் என்றால் அம்மாவுக்கு அன்று தலைவலி வந்துவிடும்.

சேலையை முழுவதும் விரித்தோம். முந்தானைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தீய்ந்த ஓட்டை.

அம்மா அப்போதே அத்தைக்குப் போன் போட்டார். "ஐயோ மதினி, அது இன்னுமா இருக்கு? நான்தான் இஸ்திரி போட்டேன். பெட்டியிலிருந்து கங்கு விழுந்துருச்சு. நீங்க அழுவீங்கன்னு ஆத்தா ஒளிச்சிருச்சு" என்றார் அத்தை. அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருப்பேன். நாப்பது வருஷத்தையில்ல முழுங்கிட்டீங்க" என்றார். கோபம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாரமே அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்.

பிரித்த துணிகளில் கெட்டியாக இருந்த இடங்களை மட்டும் வெட்டித் தலையணை உறையாகத் தைத்தேன். உள்பக்கம் பழைய வேட்டித் துணியை வைத்துத் தைக்க வேண்டும். புதுத் துணி வைத்தால் அது சுருங்கி, பழசை இழுத்துக் கிழித்துவிடும். மெத்தென்ற துண்டுகள் பச்சைப் பிள்ளைக்கு இடுப்புத் துணியாகும்; வெந்நீரில் நன்றாக அலசி, வெயிலில் காயவைத்த பிறகே கட்டுங்கள். ஆசையாக இருக்கிறது என்று ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கனமான போர்வையைப் போர்த்தித் தூங்க வைக்காதீர்கள். முகத்தில் மூடிக்கொண்டால் அதற்கு விலக்கத் தெரியாது. பூஞ்சணம் பிடித்துக் கறுத்த துணியை மட்டும் பாசம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்; வீசிங் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மிச்சமெல்லாம் அடுப்படியில் பிடிதுணி.

பிழைத்த மூன்றாவது போர்வையைக் கஞ்சிப் பசை துளியும் இல்லாமல் அலசி, பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டோடு வைத்திருக்கிறேன். பசை இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுகிறேன்; ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே இற்றுவிடும்.

எடுக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தடவிப் பார்க்கிறார். "இதையும் பிரிச்சுப் பாருடி, இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்காங்களோ!" என்கிறார். நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.