முப்பரிமாண வரைவுக்கான தொடக்க வார்ப்புரு

தொடக்க வார்ப்புரு (டெம்ப்ளேட்) என்பது கணினிவழி வரைவில் புதிய படம் ஒன்றைத் தொடங்கும்போது திறக்கப்படும் முன்னமைவுக் கோப்பு ஆகும். அளவு அலகு, கட்டக் கோடுகள், பார்வைக் கோணம், தாள் அமைப்பு ஆகியவை இதில் முன்பே பதிந்திருக்கும். ஆட்டோகேட் மென்பொருளில் இத்தகைய கோப்புகள் டிடபிள்யூடி என்னும் பின்னொட்டைப் பெறுகின்றன.

முப்பரிமாணப் பணிக்கென ஆட்டோகேடில் ஆகேட்3டி, ஆகேட்ஐஎஸ்ஓ3டி போன்ற வார்ப்புருக்கள் உள்ளன. முன்னது அங்குலத்துக்கானது; பின்னது மில்லிமீட்டருக்கானது. பெயரில் உள்ள "3டி" என்பதைக் கண்டு, இவற்றில்தான் கனவுருவம் வரைய இயலும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சாதாரண ஆகேட்ஐஎஸ்ஓ கோப்பிலும் கனவுருவம் வரையலாம். 3டி வார்ப்புரு தூரக்காட்சியையும் நிழலிட்ட தோற்றத்தையும் முன்கூட்டியே தருகிறது, அவ்வளவே. தூரக்காட்சியில் இணைகோடுகள் ஒடுங்கித் தெரியும். கண்ணால் அளவை ஒப்பிட விரும்புவோர் பெர்ஸ்பெக்டிவ் மாறியை 0 ஆக்கிக்கொள்வது நல்லது.

உண்மையில் கவனிக்க வேண்டியது அலகுதான். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையிலுள்ள தொல்லியல் மேட்டில் 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் ஆட்டக்காய்கள் முதலியன அங்குக் கிடைத்தன. அத்தகைய வளையல் ஒன்றை 60 மி.மீ. விட்டத்தில் வரைவதாகக் கொள்வோம். அங்குல வார்ப்புருவில் 60 என்று தட்டச்சு செய்தாலும் திரையில் வட்டம் ஒழுங்காகவே தோன்றும். அதை மில்லிமீட்டர் படத்தில் செருகும்போது மென்பொருள் 25.4 ஆல் பெருக்கும். வளையலின் விட்டம் 1524 மி.மீ., அதாவது ஐந்தடி ஆகிவிடும்! கையில் போடும் வளையல் வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்து நிற்கும்.

முப்பரிமாண அச்சில் இடர் இன்னும் கூடுதல். அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகு பதிவாவதே இல்லை. அச்சு மென்பொருள்கள் பொதுவாக எண்ணை மில்லிமீட்டராகவே கொள்கின்றன. அங்குலத்தில் 2.36 என வரைந்த வளையல் 2.36 மி.மீ. பொடியாக வெளிவரும்.

அப்படியானால் அங்குல வார்ப்புரு வேண்டாமா? வேண்டும். நம் பக்கத்தில் கொத்தனாரும் தச்சரும் அடி, அங்குலக் கணக்கில்தான் பேசுவர். வீட்டின் மாதிரியை அவர்களுக்குக் காட்டுவதானால் ஆகேட்3டி பொருந்தும். அட்டைப்பெட்டி, இயந்திர உறுப்பு, அருங்காட்சியகப் பொருளின் நகல் போன்றவற்றுக்கு ஆகேட்ஐஎஸ்ஓ3டி. படத்தைப் பெறுபவர் எந்த அலகில் அளப்பார் என்பதே அளவுகோல்.

தவறான வார்ப்புருவில் தொடங்கிவிட்டால் இன்ஸ்யூனிட்ஸ் மாறியைப் பார்க்கவும். 1 என்பது அங்குலம், 4 என்பது மில்லிமீட்டர், 6 என்பது மீட்டர். மாறியை மட்டும் திருத்தினால் வரைந்த உருவின் எண்கள் மாறா. எண்களை எந்த அலகாக நினைத்து உள்ளிட்டீர்களோ அந்த அலகுக்கே மாறியைத் திருத்துவதாயின் அது போதும். அங்குலமாகவே வரைந்ததை மில்லிமீட்டருக்குக் கொண்டுசெல்ல, உருவையும் ஸ்கேல் கட்டளையால் 25.4 மடங்கு பெருக்க வேண்டும்.

அடிக்கடி வரைபவர் தமக்கேற்ற அடுக்குகள், எழுத்துரு, அலகு ஆகியவற்றை அமைத்து, வெற்றுப் படத்தை டிடபிள்யூடி வடிவில் சேமித்துக்கொள்ளலாம். பின்னர் ஆப்ஷன்ஸ் பகுதியில் கியூநியூ கட்டளைக்குரிய கோப்பாக அதைக் குறித்துவிட்டால் ஒவ்வொரு புதிய படமும் அதிலிருந்தே தொடங்கும். இலவச மென்பொருளான ஃப்ரீகேடில் இத்தேர்வு தேவைப்படாது. அது உள்ளே எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே வைத்திருக்கிறது. அங்கு வார்ப்புரு என்பது அச்சிடும் தாளுக்கு மட்டுமே.