பலர் கூடி எழுதும் ஏடு

கணிப்பொறி தானாக எதனையும் செய்வதில்லை. முதலில் இன்னது செய், பின்னர் இன்னது செய் என்று வரிவரியாக அதற்கு எழுதித் தருதல் வேண்டும். அவ்வாறு எழுதப்பெறும் கட்டளைத் தொகுதியையே நிரல் என்கிறோம். மனிதர் படித்துத் திருத்தத்தக்க வடிவில் அஃது இருக்கும்போது மூலநிரல் எனப் பெயர் பெறும். இம்மூலநிரலைப் பூட்டி வைக்காமல், யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடுவோர் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்கள் தம் ஏடுகளைக் கொண்டுவந்து வைக்கும் பெருங்களமாக வளர்ந்த அமெரிக்க நிறுவனம் ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். கிட்ஹப் என்பது அதன் பெயர்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். பல்லாண்டுகட்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆண்டுமலர் வெளியிட்டோம். பதிப்பாசிரியர் மூவர், கைப்படிகளும் மூன்று. ஒவ்வொருவரும் தத்தம் படியில் சிவப்பு மையால் அரும்பாடுபட்டுத் திருத்தினோம். அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ எவர் கையும் படாத நான்காவது படி! பலர் கூடி ஓர் ஏட்டை எழுதும்போது எழும் தொல்லை இதுதான். எது இறுதிப்படி? எவர் எந்த வரியை மாற்றினார்? எக்காரணத்தால் மாற்றினார்? மலரில் பிழை நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வங்கிக் கணக்கையும் மருத்துவமனைக் கருவியையும் இயக்கும் நிரலில் அவ்வாறு நேர்ந்தால் சிரிக்க இயலாது.

பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை எழுதத் தொடங்கினார். நாளடைவில் பல நாட்டவர் அதில் பங்கேற்றனர். திருத்தங்கள் மின்னஞ்சலில் குவிந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த, 2002 முதல் பிட்கீப்பர் என்னும் கருவியைக் கையாண்டனர். அது தனியார் உடைமை. லினக்ஸ் தொண்டர்க்கு விலையின்றித் தரப்பட்டது. 2005இல் பிணக்கு ஒன்று மூண்டது. உரிமையாளர் அவ்விசைவைத் திரும்பப் பெற்றார். பிறர் தயவில் நின்ற வீடு ஒரே நாளில் கூரையிழந்தது. டோர்வால்ட்ஸ் சோர்ந்துவிடவில்லை. தமக்கு வேண்டிய கருவியைத் தாமே எழுத முற்பட்டு, சில நாட்களிலேயே அதனைப் பயனுக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் கிட். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அஃது ஒருவரை இகழும் சொல். தம் படைப்புகளுக்குத் தம் பெயரையே இடுவதாக அவர் வேடிக்கையாகக் கூறியதும் உண்டு.

கிட்டின் அமைப்பில் இரண்டு நுட்பங்கள் கருதத்தக்கவை. ஒரு நிலையத்தில் மூலப்படியை வைத்து, ஏனையோர்க்கு இரவல் தரும் முறை இதில் இல்லை. ஏட்டைப் பெறும் ஒவ்வொருவரும் அதன் முழு வரலாற்றையும், முதல் நாள் முதல் வரியிலிருந்து, தம் கணிப்பொறியிலேயே பெறுகின்றனர். ஓரிடத்தில் தீப்பற்றினாலும் பிறிதோரிடத்தில் முழுமை பிழைத்திருக்கும். அடுத்து, ஏட்டின் ஒவ்வொரு நிலைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 40 குறிகள் கொண்ட அடையாளம் ஒன்று தரப்படுகிறது. ஓர் எழுத்தைக் கள்ளத்தனமாக மாற்றினாலும் அவ்வடையாளம் வேறாகிவிடும். ஏடெழுதுவோரால் பாடபேதம் புகுந்து அல்லற்பட்ட மொழியினர் நாம்; இதன் அருமை நமக்கு எளிதில் விளங்கும்.

கருவி சிறந்தது, ஆனால் பழகுவதற்குக் கடினம். இவ்விடத்தில்தான் கிட்ஹப் தோன்றுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரில் ரூபி என்னும் நிரல்மொழியை விரும்பிப் பயின்ற இளைஞர்களுள் டாம் பிரெஸ்டன்-வெர்னர், கிறிஸ் வான்ஸ்டிராத் ஆகிய இருவர் 2007ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இப்பணியைத் தொடங்கினர். பி. ஜே. ஹையெட், ஸ்காட் சக்கோன் ஆகியோரும் உடன் சேர்ந்தனர். 2008 ஏப்ரலில் களம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டே பிரெஸ்டன்-வெர்னர் பகற்பணி செய்துவந்த சிறு நிறுவனத்தை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியது. தம்மிடம் தொடர்ந்து பணியாற்றினால் ஊதியத்தோடு 3 இலட்சம் டாலர் ஊக்கத்தொகையும் தருவதாக அவரிடம் கூறினர். அவர் அதனை மறுத்து, வருவாய் உறுதியில்லாத தம் களத்துக்கே வந்து சேர்ந்தார். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து இதே மைக்ரோசாப்டை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

அந்நாளில் இத்தகைய களங்கள் இல்லாமல் இல்லை. சோர்ஸ்போர்ஜ் 1999 முதல் நடந்து வந்தது. கூகிளும் 2006இல் ஒன்றைத் திறந்திருந்தது. பின் வந்தவர் முந்தியது எதனால்? எனக்குப் புலப்படும் காரணம் இது. கிட்ஹப்பில் ஏட்டின் முகவரியே ஆளின் பெயரில் தொடங்குகிறது. இன்னார் இன்ன ஏட்டில் இத்தனை நாள் உழைத்தார் என்பதை எவரும் காணலாம். வகுப்பறையில் நற்கட்டுரையைச் சுவரில் ஒட்டி, கீழே மாணவன் பெயரையும் எழுதி வைப்போமே, அது செய்யும் வேலையை நான் கண்கூடாகக் கண்டவன்.

இன்னொன்றும் உண்டு. பிறர் நிரலைப் படியெடுத்துத் தனிவழி கொண்டுசெல்வதை ஆங்கிலத்தில் கிளைத்தல் என்னும் பொருள்படக் கூறுவர். முன்னெல்லாம் அது பங்காளிச் சண்டைக்கு ஒப்பானது. குழு பிளந்தது என்றே பொருள். கிட்ஹப் அதனை ஒரு பொத்தானை அழுத்தும் செயலாக்கிவிட்டது. முன்பின் அறியாத ஒருவர் படியெடுத்துத் திருத்தி, "இத்திருத்தத்தை ஏற்றருள்க" என்று உரியவர்க்கு விண்ணப்பம் அனுப்பலாம். உரியவர் வரிக்கு வரி குறிப்பெழுதி ஏற்கலாம், மறுக்கலாம், காரணமும் கூறலாம். பிரிவினைக்கு அடையாளமாக இருந்த செயல், உதவிக்கு வாயிலாயிற்று. வளர்ச்சியின் உயிர்நிலை இதுவே என்பது என் துணிபு.

வருவாய்க்கு வகுத்த வழியும் எளியது. ஏட்டைப் பொதுவில் வைத்தோர்க்குக் கட்டணம் இல்லை. மறைவாக வைக்க விரும்பிய கம்பெனிகள் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இம்முறையிலேயே வெளியார் முதல் இன்றி நான்காண்டு நடந்தது. 2012இல் 10 கோடி டாலரும், 2015இல் 25 கோடி டாலரும் முதலீடாக வந்தன. சோர்ஸ்போர்ஜ் தான் வழங்கிய மென்பொருள்களோடு விளம்பர நிரல்களைச் சேர்த்து அனுப்பி நம்பிக்கையை இழந்தது. கூகிள் தன் களத்தை 2016இல் மூடிவிட்டது.

திறந்த நிரலின் தாயகம் எனப் போற்றப்பெறும் கிட்ஹப்பின் சொந்த மூலநிரல் திறந்ததன்று! நடுநிலையம் வேண்டாத வகையில் ஆக்கப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டே, நிரலாளர் தாமாக விரும்பி ஒரு நடுநிலையத்தில் சென்று கூடினர். வசதி என்பது அத்துணை வலியது.

2018 ஜூன் மாதத்தில் மைக்ரோசாப்ட் இந்நிறுவனத்தை 750 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் தந்து வாங்குவதாக அறிவித்தது. அப்போது பயன்படுத்துவோர் 2 கோடியே 80 இலட்சம் பேர். 2001இல் மைக்ரோசாப்டின் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசியவர். அவருக்குப் பின் வந்த சத்யா நாதெள்ளாவின் காலத்தில் போக்கு மாறிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் பழைய சொல்லை மறவாத பலர், உக்ரைனில் 2011இல் தோன்றிய கிட்லேப் என்னும் போட்டிக் களத்துக்குத் தம் ஏடுகளை மாற்றினர்.

அஞ்சியபடி களம் பாழாகவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். மறைவான ஏடுகளுக்கும் 2019 முதல் படிப்படியாக இலவச இடம் கிடைத்தது. 2023 ஜனவரியில் பயன்படுத்துவோர் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது. ஆனால் 2019 ஜூலையில், அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைச் சட்டங்களை முன்னிட்டு, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலாளர் சிலர் தம் மறைவான ஏடுகளைத் திறக்க இயலாது திகைத்தனர். ஈரானியர்க்கு 2021இல் உரிய அனுமதி பெற்று வாயில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்த குற்றம் வாழ்ந்த ஊரன்றி வேறென்ன?

2021இல் கோபைலட் என்னும் செயற்கை அறிவுக் கருவி முன்னோட்டமாக வெளிவந்தது. பொதுவில் வைக்கப்பட்ட நிரல்களைப் பயின்று, எழுதுவோர்க்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது அது. எங்கள் பெயரையும் உரிமக் கட்டுப்பாட்டையும் காட்டாமல் எங்கள் எழுத்தைக் கையாளலாமா என்று நிரலாளர் சிலர் 2022 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வழக்கின் நுணுக்கம் வழக்கறிஞர்க்கு உரியது. நான் கேட்பது வேறு. பெயரை முன்னிறுத்தி வளர்ந்த களம், பெயரில்லாமல் வரி வழங்கும் கருவியை விற்கும்போது, முன்னர் உழைத்தவன் மனம் என்ன பாடுபடும்?

பிடிக்காதவர் வெளியேறலாமே என்பர். ஆம், கிட் முறைப்படி ஏடும் அதன் வரலாறும் அவரவர் கையிலேயே முழுமையாக உள்ளன. ஒரே கட்டளையில் வேறிடம் கொண்டுசெல்லலாம். ஆனால் ஏட்டைச் சுற்றி நிகழ்ந்த உரையாடல் உள்ளதே! பிழை கண்டவர் எழுதிய முறையீடு, திருத்தம் அனுப்பியவரின் விளக்கம், "இவ்வரி ஏன்?" என்ற வினாவுக்குக் கிடைத்த விடை, இவையெல்லாம் கிட்டின் படியில் வருவதில்லை, அவை நிறுவனத்தின் கிடங்கில் இருக்கின்றன. அவற்றை இறக்கி எடுத்துச் செல்லத் தனி வழிகள் உண்டு. அவ்வழிகளும் நிறுவனம் திறந்து வைத்தவையே. 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பின் தலைமை நிர்வாகி தாம் விலகப்போவதாக அறிவித்தபோது, களம் இனி மைக்ரோசாப்டின் செயற்கை அறிவுப் பிரிவோடு இணைந்து இயங்கும் என்ற செய்தியும் வந்தது. எங்கள் ஆண்டுமலரின் கைப்படிகள் மூன்றும் நெடுநாள் என் பெட்டியில் இருந்தன. ஓரங்களில் நாங்கள் சிவப்பு மையால் எழுதி வாதிட்ட குறிப்புகளைப் படிக்கவே அவற்றை நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.