அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்கள்: ஜொகூர் பாருவில் ஒரு வியாழக்கிழமை

பண்டார் தெங்காராவிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கோயில் காரியமாகப் புறப்படும் குடும்பங்களுக்கென்று ஒரு வழித்தடம் உண்டு. விடியுமுன் குளித்து, செம்பனைக் காடுகளுக்கு நடுவே கூலாய் வந்து, அங்கிருந்து நெடுஞ்சாலை பிடித்து நகரை அடைவோம். அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானத்தில் அர்ச்சனை. அடுத்துத் தெப்ராவ் சாலையருகே உள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். அதன்பின் மளிகை, பிள்ளைகளுக்குத் துணிமணி, மேசைக்கு வாழையிலை வந்தால் ஒரு வேளைச் சோறு. பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பிவிடும். நாற்பது ஆண்டுகளாக நானும் இவ்வாறே போய் வந்தவன். ஜொகூர் பாருவை நன்கறிவேன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ‘கேஜோரா’ எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், காட்டைத் திருத்தி எழுப்பிய புதிய நகரங்களுள் ஒன்று பண்டார் தெங்காரா. ‘தெங்காரா’ என்பது மலாய் மொழியில் தென்கிழக்கைக் குறிக்கும். தமிழ்க் காதுக்கு அது தெங்கு என ஒலிப்பதால், வெளியூர் உறவினர்கள் தென்னந்தோப்பை எதிர்பார்த்து வந்து செம்பனையைக் கண்டு திகைப்பதுண்டு. வரைபடத்தில் சாலை போட்ட பிறகு மனிதர்கள் வந்து சேர்ந்த ஊர் அது. அங்கே ஒரு தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வாண்டு ஆடி வெள்ளிக்கு ஒரு நாள் முன்னதாகவே புறப்பட வேண்டும் என்று என் தாயார் பிடிவாதமாக இருந்தார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலி வேறு. அவர் பிறந்தது ஜொகூர் பாருவில்தான். திருமணமாகித் தோட்டப்புறம் சென்றவர், பின்னர் எங்களோடு பண்டார் தெங்காராவுக்குக் குடிவந்தார். “கோயிலுக்கு நாளைக்குப் போகலாமப்பா. இன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் என்னைக் கொஞ்சம் நடத்திக் கூட்டிப்போ” என்றார்.

வண்டியைப் பழைய ரயில் நிலையத்தின் பக்கமாக நிறுத்தினேன். 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2010 அக்டோபரில் அருகிலேயே ஜேபி சென்ட்ரல் இயங்கத் தொடங்கியதும் ஓய்வு பெற்ற நிலையம் அது. அந்தக் கட்டடத்தைக் காட்டி, “உன் பூட்டனார் இங்கேதான் வேலை பார்த்தார்” என்று உடன் வந்திருந்த என் மகளிடம் வழக்கம்போல் பெருமையாகச் சொன்னேன். என் தந்தையார் எனக்குச் சொன்னது அது. ஊரில் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் சொன்னது. தாயார் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

வோங் ஆ ஃபூக் சாலையைக் கடந்தோம். 1866இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய அரண்மனையை எழுப்பிய சீனக் குத்தகையாளரின் பெயர் தாங்கிய சாலை அது. 1855ஆம் ஆண்டு தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் தோன்றிய இவ்வூர், ஜொகூர் பாரு எனப் பெயர் மாற்றம் பெற்றதும் அந்த 1866ஆம் ஆண்டிலேதான். சாலையை ஒட்டிச் செகெட் ஆறு ஓடுகிறது. நாற்றம் தாளாமல் இடைக்காலத்தில் அதைக் கற்காரையால் மூடி வைத்திருந்தார்கள். பிறகு மீண்டும் திறந்து அழகுபடுத்தினார்கள். திருவிழாவுக்கு வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்த ஆற்றை நின்று பார்த்திருப்பார்கள்? நான் பார்த்ததில்லை.

ஜாலான் உங்கு புவானில் இருக்கிறது ராஜமாரியம்மன் தேவஸ்தானம். ஜொகூர் சுல்தான் வழங்கிய நிலத்தில், 1911ஆம் ஆண்டு கூத்தபெருமாள் வாண்டையார் அவர்களின் முயற்சியால் எழுந்த ஆலயம். மாரியம்மனின் பெயருக்கு முன்னால் ‘ராஜ’ என்ற சொல் நிற்பது அரசர் தந்த மண்ணின் நினைவாக. தோட்டம் விற்கப்பட்டால் கோயிலும் இடம்பெயர வேண்டிய நிலையைக் கண்டு வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு, நிலம் உறுதியாக உள்ள கோயில் என்பதன் அருமை சொல்லாமலே விளங்கும். தாயார் வாசலில் நின்று கும்பிட்டார், உள்ளே செல்லவில்லை. நாளைக்கு என்று கை காட்டிவிட்டுப் பக்கத்துத் தெருவில் திரும்பினார்.

அவருக்கு வழி தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஜாலான் துருஸில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய சீனக் கோயில் இருக்கிறது. ஐந்து மொழிக் குழுவினரான சீனர்கள் ஐந்து தெய்வங்களை ஒரே கூரையின்கீழ் வைத்து வழிபடும் இடம். சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் அத்தெய்வங்கள் பல்லக்கில் நகர்வலம் வரும் சிங்கே ஊர்வலம் நாடறிந்தது. தெய்வம் தெருவில் இறங்கி மக்களைப் பார்க்க வருவது நமக்குப் புதிய செய்தியா என்ன? அதே வட்டாரத்தில் சீக்கியர்களின் குருத்துவாராவும் கத்தோலிக்க தேவாலயமும் உள்ளன. ராஜமாரியம்மனின் அண்டை வீட்டார் இவர்களெல்லாம்.

தான் ஹியோக் நீ தெரு, கம்பீர்க் கொடியும் மிளகும் பயிரிட்ட சீனர்களின் தலைவராக 1870ஆம் ஆண்டுகளில் விளங்கியவரின் பெயரைத் தாங்கியது. அங்கே 1919 முதல் விறகு அடுப்பில் ரொட்டியும் வாழைப்பழக் கேக்கும் சுடும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையின் மணம் தெரு முழுவதும் பரவியிருந்தது. என் மகள் அங்கேயே நின்றுவிட்டாள். தாயார் நிற்கவில்லை.

அடுத்த தெருவின் முனையில், பெயர்ப்பலகையின் கீழே போய் நின்றார். ஜாலான் டோபி.

பலமுறை வண்டியில் கடந்த தெரு. பெயரின் பொருளை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்து தொழில் செய்ததால் வந்த பெயர். தாயார் அந்தப் பலகையைக் கைத்தடியால் சுட்டினார். “உன் தாத்தா ரயில்வேயில் இருக்கவில்லையப்பா. இந்த வரிசையில் ஒரு கடையின் பின்கட்டில்தான் துணி வெளுத்தார். நான் கரிப்பெட்டிக்கு நெருப்பு ஊதிக் கொடுப்பேன்.”

நான் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன். என் மகள்தான், “ஏன் பாட்டி இத்தனை நாள் சொல்லவில்லை?” என்று கேட்டாள். “சொல்லியிருந்தால் உன் அத்தைமாருக்கு அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகியிருக்காது, கண்ணு” என்று மட்டும் பதில் வந்தது. குரலில் வருத்தம் இல்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு தானாகவே பேசத் தொடங்கினார். உவர்மண் வாடை, நீலம் போட்ட தண்ணீர், துரைமார் வீட்டுக் கஞ்சி போட்ட காற்சட்டைகள், துணி மாறாமல் இருக்க ஓரத்தில் இடும் குறி. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் நூறு வீட்டுக் குறிகளை மனத்தில் வைத்திருந்தாராம். திருவிழாக் காலம் வந்தால் வெளித் துணிகளை ஒரு வாரம் ஒதுக்கிவிடுவார். அம்மன் புறப்பாட்டுக்கு மாற்று வெளுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. நடையில் விரிக்கும் வெள்ளைத் துணியைத்தான் மாற்று என்பார்கள். இக்காலப் பிள்ளைகளுக்கு அச்சொல் தெரியாது. பந்தத்துக்குத் துணி சுற்றிக் கொடுப்பதும் அவரே. மாற்றைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போகும்போது மட்டும் அவர் செருப்பில்லாமல் போவார் என்றார் தாயார்.

இத்தகைய திருவிழா மலர்களில் தேரும் காவடியும் கொடையாளர்களின் படங்களும் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. மாற்று வெளுத்தவரும் பந்தம் பிடித்தவரும் எந்த மலரிலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நம் வீட்டிலேயே அவர்களை மறைத்து வைத்திருந்தோமே, மலரைக் குறை சொல்லி என்ன பயன்?

தாத்தாவின் கடை எதுவென்று தாயாரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வாசல்களைக் காட்டினார். இப்போது அத்தெருவில் காப்பிக்கடைகள் மிகுதி. இளைஞர்கள் சுவர் ஓவியங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1937 முதல் நடந்துவரும் சலாவுடின் ரொட்டிக்கடை ஒன்றை அவர் சட்டென்று அடையாளம் கண்டார். சனிக்கிழமைகளில் தாத்தா அங்கே ரொட்டி வாங்கித் தருவாராம். நாங்களும் வாங்கினோம். ஐந்தடி வழியில் கிடந்த ஒரு நாற்காலியில் அமர்ந்து முழுவதையும் அவர் சாப்பிட்டார். வீட்டில் அரை இட்டிலிக்கு மேல் தொடாதவர்.

மாலையில் நகரின் வேறு பகுதிகளையும் பார்த்தோம். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராஜகாளியம்மன் ஆலயத்தில், 1922இல் ஓர் எளிய கொட்டகையாகத் தொடங்கிய இடம் சுமார் 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகளால் மின்னுவதைக் காண வெளிநாட்டார் வரிசையில் நின்றனர். 2009இல் அக்கோலம் பெற்றது முதல் நாங்களும் அதை ஆண்டுதோறும் வியந்து வருகிறோம். அன்று ஏனோ என் கண் ஆலயத்தை விட்டு, அருகே செல்லும் ரயில் பாதையின்மேல் போயிற்று.

முன்னதாக, வண்டியை எடுக்கத் திரும்பியபோது பழைய நிலையத்தின் எதிரே தாயார் சற்று நின்றிருந்தார். “ரயில்வேக்காரர்களின் சட்டையையும் உன் தாத்தா வெளுத்திருக்கிறார். அந்த மட்டுக்கு உன் அப்பா சொன்னது பொய்யில்லை” என்று சிரித்தார்.

மறுநாள் ஆடி வெள்ளி. கூட்டம் கோயிலுக்கு வெளியே வரை நின்றது. அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போன என்னைத் தாயார் தடுத்து, வழியில் வாங்கிய பத்து முழ வெள்ளைத் துணியை எடுத்து அலுவலக மேசையில் வைத்தார். கோயிலுக்கு என்றார். ரசீது எழுதிய இளைஞர் யார் பெயருக்கு என்று கேட்டார். தாயார் தம் தந்தையின் பெயரைச் சொன்னார். முகவரி கேட்டபோது நான் பண்டார் தெங்காரா என்று வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அந்த இளைஞரிடம் சொன்னார்: “ஜாலான் டோபி என்று எழுதுங்கள், தம்பி.”