பல உள்ளகச் செயலிகளில் அலைவெண் அமைப்பை எளிமையாக்கல்

செயலியின் இயங்கு மின்திறன் அலைவெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே இவ்விரண்டையும் குறைப்பின் மின்திறன் தேவை வெகுவாகத் தணியும். கவுஞ்சி போன்ற மலையூர்களில் மின்தடையின்போது மின்கலத்தை நம்பிப் பணிபுரிவோர்க்கு இது பயன்தரும். ஆயின், கோர் எனப்படும் உள்ளகம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே அமைப்பைத் தருங்கால், விடுபட்ட உள்ளகம் பழைய அமைப்பிலேயே இயங்கும்.

லினக்ஸ் இயங்குதளம் இதற்குப் 'பாலிசி' என்னும் தொகுதிமுறையைக் கொண்டுள்ளது. ஒரே கடிகாரத்தைப் பகிரும் உள்ளகங்கள் ஒரு தொகுதியாகின்றன. நான்கு நான்காகக் கடிகாரம் பகிரும் எட்டு உள்ளகச் செயலிக்கு இரண்டு அமைப்புகளே போதும். உள்ளகந்தோறும் தனித்தொகுதி உடைய செயலிகளில், 'சிபியுபவர்' கருவி ஒரே கட்டளையை அனைத்திற்கும் செலுத்துகிறது. 2016-இல் 4.7 பதிப்பில் சேர்ந்த 'ஸ்கெட்யூட்டில்' கட்டுப்படுத்தி, பணி ஒதுக்கியின் சுமைக் கணிப்பைக்கொண்டு அலைவெண்ணைத் தானே தேர்கிறது. ஆகவே, தொகுதியை அலகாகக் கொள்வதே எளிமையாக்கலின் அடிப்படையாகும்.