காவல்காரர் சொன்னது பொய்

வண்டி கிளம்புமுன் கார்டு தம் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு சரிபார்த்து, டிரைவருக்கும் மணி சொல்ல வேண்டும் என்பது ரயில்வே விதி. அந்த நிலையக் கடிகாரத்தைச் சரிபார்க்க, தினமும் 16 மணிக்கு முக்கிய நிலையங்களுக்கு நேரம் அனுப்பப்படும். சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இந்தச் சரிபார்க்கும் வியாதி போகவில்லை.

மகன் கழித்துக் கொடுத்த 2018 மாடல் மடிக்கணினியில் பழைய லினக்ஸ் ஓடுகிறது. ஒருநாள் அதன் பதிவேட்டில் ஒரு புகாரைக் கண்டேன்: "டிஎஸ்சி நிலையற்றது."

டிஎஸ்சி என்பது 1993-ல் பென்டியம் செயலியோடு வந்த எண்ணி. செயலியின் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். அதை வைத்துத்தான் கெர்னல் மணி பார்க்கிறது. பழைய மடிக்கணினிகளில், பாட்டரியை மிச்சப்படுத்தச் செயலி வேகம் குறைந்தால் எண்ணியும் மெதுவாகும். ஆழ்ந்து தூங்கினால் நின்றே போகும். எனவே கெர்னல், ஹெச்பிஇடி என்ற இன்னொரு கடிகாரத்தைக் காவலுக்கு வைத்து, அரை விநாடிக்கு ஒருமுறை ஒப்பிடுகிறது. வித்தியாசம் மிகுந்தால் டிஎஸ்சிக்கு வேலை போய்விடும்.

ஆனால் என்னுடையதைப் போன்ற புதிய செயலிகளில் எண்ணி சீராகவே ஓடும். பிறகு ஏன் புகார்?

இரண்டு கடிகாரம் முரண்பட்டால் மூன்றாவது வேண்டும். நம் டில்லி பூசாவில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைப் பேணி, இணையம் வழியாகவும் தருகிறது. தானாக நேரம் திருத்துவதை நிறுத்திவிட்டு, திரையை அணைத்து, ஓரிரவு டிஎஸ்சியை மட்டும் ஓடவிட்டேன். காலையில் ஆய்வகத்து நேரத்தோடு ஒப்பிட்டால் அரை விநாடிகூடப் பிசகில்லை. மறு இரவு ஹெச்பிஇடி. பல விநாடி பிசகு!

குற்றவாளி காவல்காரர்தான். 'காபி லேக்' வகை இன்டெல் செயலிகள் ஆழ்ந்த ஓய்வுக்குப் போனால் ஹெச்பிஇடி பிசகுவதுண்டு. 2019-ல் கெர்னல்காரர்கள் அவ்வகைக் கணினிகளில் அதை முடக்கிவிட்டார்கள். புதிய கெர்னல் போட்டேன், புகார் நின்றது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1987-ல் ஒரு சிறு நிலையத்தில், கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்துகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர்மேல் எழுதிவிட்டு வந்தேன். மாலை 16 மணிக்குப் பார்த்தால், முந்தி ஓடியது என் கைக்கடிகாரம். எழுதியதைத் திரும்பப் பெறக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அவர் இப்போது எங்கிருக்கிறாரோ! அவருடைய கடிகாரம் சரியாகத்தான் ஓடியது.