மாட்டு வால் மயிரும் வெள்ளைப் பாசிமணியும்

“இன்காபா யாக்கோ இபி?” உன் தொப்புள்கொடி எங்கே? தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ஒருவரின் சொந்த ஊரை இப்படித்தான் விசாரிக்கிறார்கள். நெல்சன் மண்டேலா பிறந்த கோசா இனத்தில், பிள்ளையின் தொப்புள்கொடியை வீட்டு மண்ணில் புதைப்பது வழக்கம். புதைத்த இடம்தான் ஊர். பிழைக்கப் போய் கேப்டவுனிலேயே தலை நரைத்தாலும் பதில் மாறாது.

கொடி காய்ந்து விழ ஏறக்குறைய பத்து நாள். அதுவரை தாயும் பச்சைக்குழந்தையும் குடிசைக்குள்ளேயே இருப்பார்கள்; வயதான பெண்கள்தான் துணை. ஆண்களுக்கு அங்கே வேலையில்லை.

பிறகு வருவது ‘இம்பெலெகோ’. பழுதில்லாத ஓர் ஆட்டை அறுத்து, குலப்பெயர் சொல்லி முன்னோரை அழைத்து, “இது நம் பிள்ளை” என்று ஒப்படைக்கும் சடங்கு. முதுகில் பிள்ளையைக் கட்டிச் சுமக்கும் தோலுக்கும் அதே பெயர்தான். அறுத்த ஆட்டின் தோல் அதற்குத்தான் பயன்பட்டது.

குழந்தையின் கழுத்திலும் இடுப்பிலும் கோத்துக் கட்டும் பாசிமணிகளில் வெள்ளைக்குத் தனி மரியாதை. அது முன்னோருக்குரிய நிறம். அந்த மணிகளோ கடல் கடந்து வந்தவை! 1824இல் கெய்ஸ்காமா ஆற்றங்கரையின் வில்ஷையர் கோட்டையில் பிரிட்டிஷார் சந்தை கூட்டினார்கள். யானைத் தந்தமும் தோலும் கொடுத்த கோசா மக்கள் மணியும் பொத்தானும் வாங்கிப் போனார்கள். வியாபாரி விற்றது கண்ணாடி; அதைப் பிள்ளைக்குக் காவலாக்கியவர்கள் தாய்மார்கள்.

மணியை நம்பி மட்டும் பிள்ளையை விடவில்லை. நீலப்பூ பூக்கும் அகபாந்தஸ் செடியின் வேரைக் கர்ப்பிணிகள் மருந்தாகக் குடிப்பார்கள். பிள்ளை திடமாகப் பிறக்க அதையே மாலையாகவும் அணிவார்கள். மணப்பெண்ணோடு பிறந்த வீட்டிலிருந்து ‘உபுலுங்கா’ என்றொரு மாடு வரும். அவளுக்கோ பிள்ளைக்கோ நோய் கண்டால், அதன் வால் மயிரைத் திரித்துக் கழுத்தில் கட்டுவார்கள். அண்டை இனமான போண்டோ மக்களைப் பற்றி மானிடவியலாளர் மோனிகா ஹன்டர் 1936இல் வெளியிட்ட நூலிலும் இந்த மாடு வருகிறது. அருங்காட்சியகத்தில் கண்ணைப் பறிப்பவை மணிகள்தான். ஆனால் பெண்ணைப் பிறந்த வீட்டு முன்னோரோடு கட்டிவைப்பது, யாரும் திரும்பிப் பார்க்காத இந்த மயிர்க்கயிறு.

இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில். இம்பெலெகோ தவறிப்போன பிள்ளைகளும் உண்டு. படுக்கை நனைப்பது, ஓயாத நோய் என்று ஏதாவது வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, “ஆடு அறுத்தீர்களா?” என்றுதான். வளர்ந்த பிறகும் செய்துகொள்ளலாம். மீசை முளைத்தவரானாலும், அறுத்த ஆட்டின் முன்னங்கால் இறைச்சியில் முதல் துண்டு அவருக்குத்தான்.