கண்டி கண்ட மேய்ப்பர்

1697ஆம் ஆண்டில் கண்டி நகரை அம்மை நோய் கொடூரமாய்த் தாக்கியது. அச்சத்தினால் நோயுற்றோரை அவர்தம் உறவினரே காட்டில் கைவிட்டனர். வெறிச்சோடிக் கிடந்த வீடுகளை மருத்துவமனைகளாக்கி, மதமோ குலமோ பாராது நோயாளரைப் பராமரித்தார் புனித யோசேவ் வாஸ் அடிகளார். அவரோடு கர்வாலியோ அடிகளாரும் உழைத்தார். புண்களைக் கழுவியதும், உணவூட்டியதும், இறந்தோரை அடக்கம் செய்ததும் அவர்களின் கைகளே.

அடிகளார் அங்கு ஏதோ ஓர் உதவியாளர் அல்லர். இலங்கை மறைபரப்புப் பணியின் தலைவர். ஏவினால் செய்வதற்கு ஆள்கள் இருந்தனர். எனினும், தாம் தொட அஞ்சும் உடலைப் பிறர் தொட வேண்டுமெனப் பணிக்க அவரால் இயலவில்லை.

அடிகளாரைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் அவர் மன்றாடி மழை பெய்த நிகழ்வையே முதலில் நினைவுகூர்கின்றோம். அதனினும் இந்த அம்மைக் காலமே நம் அன்றாட வாழ்வுக்கு அருகிலுள்ளது என்பது என் எண்ணம். மழையை எல்லாராலும் பெய்விக்க முடியாது. புண்ணைக் கழுவ எவருக்கும் இயலும்.

ஒரு வினா எழலாம். 1687இல் ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்பி, கூலியாள் கோலத்தில் இந்நாட்டுக்குள் நுழைந்தவர் அவர். வேடமிட்டு வந்தவரை உண்மையின் முன்மாதிரி எனலாமா? ஆண்டவர் இயேசு கண்டித்த வெளிவேடம் வேறு வகையானது. சுமத்தற்கரிய சுமைகளைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு, தம் விரலாலும் அவற்றைத் தொடாதவர்களையே அவர் சாடினார். அடிகளார் பூண்டது ஏழையின் உடை. வாழ்ந்ததும் ஏழையின் வாழ்வே. உடைக்கும் உள்ளத்துக்கும் இடையே அங்கு முரண்பாடு இல்லை.

1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனக் கருதி இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் சிறையிலிட்டான். சிறையிலும் அவர் ஒளித்துச் செய்தது ஒன்றுமில்லை. மறைவாய் ஆராயவந்த கண்களுக்குச் செபமும் சிங்கள மொழிப் பயிற்சியுமே தென்பட்டன. நாளடைவில் அம்மன்னனே அவருக்கு ஆதரவாளன் ஆனான். பௌத்த அரசன் ஒருவன் கத்தோலிக்கக் குருவை நம்பியது அவருடைய சொல்வன்மையினால் அன்று. ஆண்டுக்கணக்காய் அவருடைய நடத்தையைப் பார்த்ததனால்.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியும் நம் குடும்பங்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்படும்போது, கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் சில கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. நியாயமான கழிவு எங்கே முடிகிறது, களவு எங்கே தொடங்குகிறது என்பதைத் தராசருகே நிற்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அறிவர். காலை முதல் மலைச்சரிவில் நின்று பறித்த பெண்ணும் அறிவாள். அவளுடைய மௌனத்தைச் சம்மதமென்று கொள்வது எளிது. அந்த மேற்பார்வையாளர் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவராயிருந்தால், அவர் வாசிக்கும் இறைவார்த்தையை அப்பெண் எந்தச் செவியோடு கேட்பாள்? நகரத்து அலுவலகங்களிலும் கடைகளிலும் தராசு வேறு உருவில் இருக்கிறது. கீழுள்ளவர் செய்த வேலைக்கு மேலுள்ளவர் பெயர் பெறுவதும், மேலுள்ளவரின் தவறுக்குக் கீழுள்ளவர் விளக்கக் கடிதம் எழுதுவதும் எங்கும் நடப்பவையே. ஓநாய் வருவதைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடும் கூலிக்காரரைப் பற்றி யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் பேசுகிறது. அவரும் ஓநாய் வரும்வரை மேய்ப்பராகவே தோன்றியிருப்பார்!

ஆயர் நிலைக்கு அடிகளாரை உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே இறையடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது மலையகத்திலிருந்தும் மக்கள் திரண்டு சென்றனர். கண்டி மண்ணில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இதுவெனச் சுட்டிக்காட்ட ஒரு கல்லறை இல்லை.